மலேரியாக்காரர் சிபாரிசு செய்த ரிக்கார்டு

என் அப்பா வாங்கப்போகிற பொருளை நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்களுக்குப் புளி மண்டி. மலையடிவாரத்திலிருந்து கொண்டுவருகிறவர் மூட்டையை அவிழ்த்ததும் அப்பா ஒரு சுளையைக் கிள்ளி நாக்கில் வைப்பார். உடனே வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி முகம் கோணும். "என்னாங்க இது, புளியா, வெறும் நாரா?" என்பார். முகம் எவ்வளவு கோணுகிறதோ அவ்வளவு ஆசை அந்தப் புளியின் மேல் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உண்மையிலேயே மட்டமான சரக்காக இருந்தால் அப்பா குறையே சொல்லமாட்டார். டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைப்பார். கோணிய முகத்தோடு வாங்கிய புளியை மறுவாரம் சேலத்துக்காரரிடம் தள்ளும்போது மட்டும் அது தேனாகிவிடும்.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் முன்னால் யாராவது வந்து ஒன்றைப் புகழ்ந்தால், அவன் புகழ்ச்சியைக் கேட்கமாட்டான். புகழ்கிறவனின் பையைப் பார்ப்பான்.

மண்டி எனக்கு ஒத்துவரவில்லை. புளித் தூசு பட்டால் தும்மல். அதனால் அரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை பிடித்து ரேடியோ ரிப்பேரும் மைக் செட் வாடகையும் ஆரம்பித்தேன். 'தீர்த்தகிரி சவுண்ட் சர்வீஸ்' என்று போர்டு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எதுவானாலும் என் குழாய்தான் கத்தும்.

எழுபத்தாறாம் வருஷம் கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் பிலவேந்திரன் கடைக்கு வந்தார். மலேரியா ஆபீசில் வேலை. நாற்பத்தைந்து வயது, காக்கிச் சட்டை, சைக்கிள், தோளில் ஒரு பை. வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று விசாரித்து, விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்துக்கொண்டு, வந்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டுப் போவார். அன்று அந்தப் பைக்குள்ளிருந்து, ரத்தக் கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் துண்டு சுற்றி வைத்திருந்த ஒரு பெரிய ரிக்கார்டை எடுத்தார்.

"செட்டுக்காரரே, இத ஒரு தடவ கேட்டுப் பாருங்க. எட்டுப் பாட்டு. வந்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. ஒருத்தரும் கேக்கல."

அட்டையில் 'வறட்டாறு' என்று போட்டிருந்தது. காய்ந்த ஆற்று மணலில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பெண் கிட்டாரை மண்வெட்டி மாதிரி தோளில் சாய்த்திருந்தாள். ஆணின் இடுப்பில் பம்பை.

"சினிமாப் பாட்டா?"

"இல்லீங்க."

"சாமிப் பாட்டா? உங்க கோயிலுதா?"

"அதுவும் இல்லீங்க. நம்ம பக்கத்து நடவுப் பாட்டு, கெணறு வெட்டற பாட்டு, அந்த மெட்டுல சொந்தமா எழுதிக் கிட்டார்ல பாடியிருக்கு அந்தப் பொண்ணு. கூட பம்பை."

"கிட்டாருக்கும் பம்பைக்கும் யாரு கல்யாணம் பண்ணி வெச்சது?"

"கேளுங்க, அப்பறம் சொல்லுங்க" என்றார்.

"வெலை என்னா?"

"விக்கறதுக்கு இல்லீங்க."

"வாடகைக்கா?"

"அட, அதெல்லாம் இல்லீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். கல்யாண வூட்டுல, கடையில, எங்கயாச்சும் போடுங்க. நாலு பேர் காதுல வுழட்டும்."

விலை சொல்கிறவனைச் சமாளிக்கலாம். விலை சொல்லாதவனை என்ன செய்வது?

அப்போது அவர் எனக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பட்ட சந்தேகத்தை நீங்களும் பட வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயர் சகாயமேரி. பாப்பிரெட்டிப்பட்டி தாண்டிச் சித்தேரி மலையடிவாரத்தில் ஊர். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கிட்டார் கற்றவள். பம்பை அடிப்பவர் மாது, அதே ஊர் விவசாயி. பெங்களூரில் ஒரு சின்ன ஸ்டுடியோக்காரர் இவர்களைக் கேட்டு, ஆசைப்பட்டு முந்நூறு ரிக்கார்டு போட்டார். முப்பதுகூட விற்கவில்லை. மிச்சத்தைப் பெட்டி கட்டி அவளுக்கே அனுப்பிவிட்டார். காய்ச்சல் என்று ரத்தம் எடுக்கப் போன பிலவேந்திரன், ராகி மூட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்டிருந்த பெட்டிகளைப் பார்த்து, என்ன என்று கேட்டு, ஒன்றை விலை கொடுத்து வாங்கிவந்து, பிளேயர் இருக்கிற இடங்களில் போட்டுக் கேட்டு மயங்கிவிட்டார். ஸ்டுடியோக்காரரோ விடாத மனுஷர். இன்னொரு ரிக்கார்டு போடலாமா என்று எழுதியிருந்தார். பாடேன் என்று பிலவேந்திரன் கெஞ்சியதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்: "போட்டவர் விக்கறவரு, அவரு கணக்குல வர மாட்டாரு. நீங்க ஒருத்தர். இன்னும் ஒரே ஒருத்தர், சொந்தக்காரர் இல்லாம, நீங்க சொல்லிக் குடுத்து வராம, தானா வந்து புடிச்சிருக்குன்னு சொல்லட்டும். பாடறேன். பொங்கலுக்குள்ள யாரும் வரலேன்னா வேண்டாம்னு எழுதிப்போட்டுட்டு பெங்களூர் பல்பு ஃபேக்டரிக்குப் போறேன்."

சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றதால் பிலவேந்திரன் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. ரிக்கார்டை மட்டும் தூக்கிக்கொண்டு அலைந்தார். நேர்மையான மனுஷர். நேர்மையாக இருந்ததால்தான் பார்க்கிறவர்களுக்கெல்லாம் திருடர் மாதிரித் தெரிந்தார்.

அன்று அவர் எதிரிலேயே ஒரு பக்கத்தைப் போட்டேன். பாட்டைக் கேட்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். பக்கம் முடிந்ததும், "திருப்பிப் போடறீங்களா?" என்றார். பிடிபட்டுவிட்டது.

"உங்க வூட்ல பிளேயர் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

அப்படிச் சொல்லுங்கள். ஓசியில் பாட்டுக் கேட்க வந்திருக்கிறார். என் கரண்டு, என் ஊசி. மனசு லேசாகிவிட்டது. ஆனால் மறுவாரம் அவர் வரவில்லை, அதற்கு மறுவாரமும் வரவில்லை. ஒரு நாள் கடையைத் தாண்டிச் சைக்கிளில் போனவர், இறங்காமலே, "கேட்டீங்களா?" என்று மட்டும் கத்திவிட்டுப் போனார். ஓசிக்கு வந்தவன் இப்படிப் போவானா? பழைய சந்தேகம் செத்துப் புதிய சந்தேகம் பிறந்தது.

அதற்கு என் மனைவி ராமக்காள் பேர் வைத்தாள். அவளும் மண்டிக் குடும்பம்தான், வெல்ல மண்டி. எமர்ஜென்சிக் காலம் அது. சர்க்கார் சட்டை போட்டவர் எவர் தெருவுக்குள் வந்தாலும் ஆம்பளைகள் பின்வாசல் வழியாகப் போன காலம்.

"மலேரியாக்காரருக்கு உங்க மேல என்னா அக்கறை? குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேசனுக்கு ஆள் புடிக்கறாங்களாம். நமக்கு மூணு புள்ளைங்க இருக்குதுன்னு செவத்துல எழுதிட்டுத்தான போயிருக்காரு?"

"அது அவர் வந்துட்டுப் போன தேதிடி."

"தேதியா இருந்தா ஏன் நமக்குப் புரியற மாதிரி எழுதல? பாட்டக் குடுத்துப் பழகுவாரு. அப்பறம் ஒரு நாள் ஜீப்பு வரும். மயங்கிக் கெடக்கறப்ப பாட்டா கேப்பீங்க?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, சுவரில் இருந்த எழுத்தை ஈரத்துணி போட்டு அழித்தேன்.

விசாரித்தபோது நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது. கச்சேரித் தெருத் தையல்காரரிடமும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். நல்லம்பள்ளியில் ஓட்டல் வைத்திருக்கும் என் சித்தப்பா மகனிடமும் சொல்லியிருக்கிறார். தையல்காரர், "அந்தப் பொண்ணு அவருக்கு யாராவா இருக்கும். ரெண்டு பேரும் வேதக்காரங்க. முறைப்பொண்ணா இருக்கும்" என்றார். சித்தப்பா மகன் அதற்கும் மேலே போய், "முறைன்னா எதுக்கு மறைக்கறாரு? முறை இல்லாத வெவகாரம்" என்று கண்ணடித்தான். நான் பிலவேந்திரன் வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்தேன். அவர் சம்சாரம் லூர்தம்மாள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டுப் பொண்ணப் பத்திக் கேக்கத்தான வந்தீங்க?" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே. "உங்களோட நாலாவது ஆளுங்க. பொம்பளைக்காக அலையற மனுசன் பொண்டாட்டிக்கிட்ட வந்து அந்தப் பாட்டப் பாடிக் காட்டுவாரா? இவருக்கு ராகமே வராதுங்க. எனக்கு எட்டுப் பாட்டும் மனப்பாடம், எல்லாம் தப்பா."

அந்தச் சந்தேகமும் போயிற்று. ஒரு மனுஷர் ஒரு பொருளைப் புகழ்கிறார், அதில் அவருக்கு லாபம் இல்லை, உறவு இல்லை, கள்ளம் இல்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அப்படியானால் விஷயம் அந்தத் தட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

மார்கழி வந்தது. கல்யாணம் கிடையாது. விடியற்காலை கோயிலுக்கு இரண்டு மணி நேரம் குழாய் கட்டினால் அதோடு அன்றைய பிழைப்பு முடிந்தது. ஒரு நாள் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, மூட்டைக்குள் கையை விட்டு அடிப்புளியைத் தேடுகிற மாதிரி, அந்த ரிக்கார்டில் என்ன ஒளித்திருக்கிறது என்று தேட உட்கார்ந்தேன்.

முதல் தடவை எல்லாம் குறையாகத்தான் கேட்டது. கிட்டாரில் ஒரு தந்தி சுருதி சேரவில்லை. பம்பை பாட்டுக்கு முன்னால் ஓடுகிறது. சகாயமேரியின் குரல் சினிமாக் குரல் மாதிரி மேலே போய்ப் பூப்பூப்பதில்லை. வரப்பில் நின்று எதிர் வயல்காரியிடம் பேசுகிற மாதிரிப் பாடுகிறாள். இரண்டாவது தடவையும் அதே குறைகள். மூன்றாவது தடவை கேட்கும்போது பம்பை எங்கே முந்தும் என்று காத்துக்கொண்டிருந்தேன். முந்தியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு. சந்தைக்குப் போய்விட்டுக் கடைசி பஸ்ஸை விட்டவள் நடந்தே ஊர் திரும்புகிறாள். 'கடைசி பஸ்சும் போயிருச்சு, காலு ரெண்டும் வீங்கிருச்சு, ஊரு மட்டும் அங்கயேதான் ஒக்காந்திருக்கு' என்று வருகிற இடத்தில் கிட்டார் நின்றுவிடும். பம்பை மட்டும் நடக்கும். தனியாக நடக்கிறவளுக்குத் தன் செருப்புச் சத்தமே எப்படிக் கேட்கும், அப்படி. முப்பத்தெட்டு வயதில், கதவு பாதி சாத்திய கடையில், எனக்குக் கண் கலங்கியது. உடனே சுற்றிலும் பார்த்தேன், எவனாவது பார்த்து விலை ஏற்றிவிடுவானோ என்று.

இரண்டு ஊசி மாற்றியாயிற்று. ராமக்காள் ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் போகாமல் நின்றாள்.

"பாட்டா இது? பொணம் எடுக்கற வூட்ல கெணறு வெட்டற மாதிரி" என்றாள்.

"நிறுத்திடவா?"

"போட்டத நிறுத்துவாங்களா? முடியட்டும்."

அவள் முகம் கோணியிருந்த அளவைப் பார்த்து எனக்கு நிச்சயமாகிவிட்டது. சரக்கு முதல் தரம்.

இப்படி ஒன்று ஊருக்குத் தெரியாமல் ராகி மூட்டையைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. பெட்டிகள் கிடக்கிற ஊரையும் வீட்டையும் லூர்தம்மாள் அன்றே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். தெரிந்தால் விலை ஏறும். தெரிவதற்கு முன்பு அத்தனை பெட்டியையும் நான் எடுத்துக்கொண்டால்? எனக்கு ஒன்று வேண்டும் என்பது ஆசை. எல்லாம் வேண்டும் என்பது ரத்தம். பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது பஸ் ஏறிப் பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கி, அங்கிருந்து மூன்று மைல் நடந்தேன். பிலவேந்திரனிடம் மூச்சு விடவில்லை. இடையில் ஓர் ஆள் இருந்தால் பேரம் கெடும்.

சகாயமேரி வீட்டு வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"அரூருங்க. மைக் செட்டு வெச்சிருக்கேன். பழைய ரிக்கார்டு ஏதோ கெடக்குதுன்னு கேள்விப்பட்டேன்."

"மலேரியாக்காரர் அனுப்புனாருங்களா?"

"அவருக்கு நான் வந்ததே தெரியாதும்மா. நானா வந்தேன்."

அவள் முகம் அப்படியே விளக்கு ஏற்றின மாதிரி ஆனது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணா, உள்ள வாங்க. அம்மா, ஒரு சொம்பு மோர் கொண்டா" என்று தடுமாறினாள். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். மண்டிக்காரனாகத்தான் பார்த்தேன். விற்க இவ்வளவு அவசரப்படுகிறாள். நன்றாக அடித்துப் பேசலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"கேட்டீங்களாண்ணா?" என்றாள்.

"கேட்டேன், கேட்டேன். ஒரு தடவ. அதுவும் பாதி."

"எப்படி இருந்துச்சு?"

மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தேன். "கிட்டார்ல ஒரு தந்தி சேரல. பம்பை முந்துது. அட்டையில மூஞ்சியக் காட்டாம முதுகக் காட்டிக்கிட்டு நின்னா எவன் வாங்குவான்? கல்யாணத்துல போட்டா பொண்ணு மாப்பிள்ள எந்திரிச்சுப் போயிடுவாங்க."

அவள் அம்மா ராஜமேரி கதவோரம் நின்று மகளைப் பார்த்தாள். சகாயமேரி காலிச் சொம்பை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "ரெண்டாம் பக்கம் மூணாவது பாட்டு?"

எனக்குப் பிடித்ததை நேராகத் தொட்டுவிட்டாள். இந்த இடத்தில் முகம் காட்டினால் தீர்ந்தேன். அப்பாவை நினைத்துக்கொண்டு உதட்டைக் கோணினேன். "அதுதான் இருக்கறதுலயே மோசம். குரல் ஒடையுது."

"செரிங்க" என்றாள்.

அதற்கு மேல் நான் எதிர்பார்த்தது, அவள் ஒரு விலை சொல்வாள், நான் எழுந்து நிற்பேன், வாசல்வரை போவேன், கூப்பிடுவாள் என்பது. அவள் ராகி மூட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். ஐந்து பெட்டிகளையும் இழுத்து என் காலடியில் வைத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்கண்ணா. காசு வேண்டாம். மூட்டைக்குப் பலகை போட்டுக்கறோம்."

என் வாழ்நாளில் அப்படி ஒரு பேரம் நடந்ததில்லை. என் அப்பாவின் வாழ்நாளிலும் நடந்ததில்லை. கட்டை வண்டி ஒன்றைப் பிடித்துப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து பஸ் மேல் ஏற்றினேன். ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் பழையபடி சந்தேகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. சும்மா கொடுக்கிறாளே, ஏன்? வளைந்துபோன தட்டோ, கறையான் அரித்ததோ? கடையில் இறக்கி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இருநூற்று எழுபதும் கண்ணாடி மாதிரி இருந்தன. அது இன்னும் பயமாக இருந்தது.

பொங்கல் முடிந்த மறுநாள் மாலை பிலவேந்திரன் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தார். கடைக்குள் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார்.

"அவங்க ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"நான் வாங்குனா உங்களுக்கென்னா?"

"புடிக்கலன்னு சொன்னீங்களாமே."

"வாங்கப் போற எடத்துல புடிச்சிருக்குன்னா சொல்லுவாங்க?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டுடியோக்காரர் கடிதம், அவள் கேட்ட அந்த ஒரே ஆள், பொங்கல் கெடு, பல்பு ஃபேக்டரி. "தானா வந்த ஒரே ஆள் நீங்கதாங்க. மோசம்னு உங்க வாயாலயே கேட்டுட்டா. நாளைக்குக் காலையில பஸ் ஏர்றா. வேண்டாம்னு எழுதிட்டாளாம்."

நான் பெட்டிகளைக் காட்டினேன். "புடிக்காதவன் பஸ் ஏறி, மூணு மைல் நடந்து வருவானா? அது புரிய வேண்டாமா அந்தப் பொண்ணுக்கு?"

"அது உங்க மண்டிக் கணக்கு. அவங்க வூட்ல நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. இல்லன்னா இல்ல."

"நீங்க போய்ச் சொல்லுங்க, அவன் பொய் சொல்லிட்டான்னு."

"இத்தனை நாளா நான் ஒருத்தன்தான் நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். என் பேச்சு எடுபட்டா உங்ககிட்ட எதுக்கு வரேன்?" என்று எழுந்தார். போகும்போது ஒன்று கேட்டார். "நெசமாவே புடிச்சுதாங்க?"

"ரெண்டு ஊசி போச்சு" என்றேன். அந்த வருத்தத்திலும் மனுஷர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்குப் போனேன். தருமபுரி பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. டிரைவர் இட்லிக் கடையில் இருந்தார். சகாயமேரி ஜன்னல் ஓரம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தகரப் பெட்டி மேலே ஏறிவிட்டது. கிட்டாரைக் காணோம். கீழே தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். மாதுதான். அட்டையில் பார்த்த அதே முதுகு.

"சகாயமேரி, அம்மா, அன்னிக்கு நான் சொன்னது அத்தனையும் பொய்யி. அந்த மாதிரிப் பாட்டு நான் கேட்டதே இல்ல. கடைசி பஸ்சுப் பாட்டு இருக்குதே, அது தேனும்மா, தேனு."

சொல்லும்போதே எனக்கே கேட்டது. என் அப்பா சேலத்துக்காரரிடம் பேசுகிற குரல்.

மாது என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க புளி மண்டிக்காரர் மகன்தான? எங்கப்பன் உங்க மண்டிக்குத்தான் இருபது வருசம் புளி போட்டாரு." அவள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்க மேரி. இவங்க ஆளுங்க வாங்கறப்ப கொறை சொல்லுவாங்க. விக்கறப்ப தேனும்பாங்க. இப்பத் தேனுங்கறாரு பாரு. அஞ்சுப் பெட்டியும் தலையில வுழுந்துருச்சு. உங்கிட்டயே திருப்பி விக்க வந்திருக்காரு."

"ஐயோ, இல்லீங்க! இருபது, முப்பது தடவ கேட்டேன். ரெண்டு ஊசி மாத்தினேன்."

"ஊசிக் காசும் சேத்துக் கேப்பாரு" என்றார் மாது. பக்கத்தில் முறுக்குக் கூடை வைத்திருந்த அம்மாள் சிரித்தாள்.

சகாயமேரி சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எதுண்ணா நெசம்? அன்னிக்குச் சொன்னதா, இன்னிக்குச் சொல்றதா?" என்று கேட்டாள். கையில் ஸ்டாம்பு ஒட்டின ஒரு கவர் இருந்தது. தருமபுரியில் இறங்கித் தபால் பெட்டியில் போட வைத்திருந்தாள். அது ஸ்டுடியோக்காரருக்கு என்று தெரிந்துகொள்ள நான் விலாசத்தைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

நான் மறுபடி புகழ்ந்தேன். புகழப் புகழ அவள் கண்ணில் சந்தேகம் ஏறியது. வேறு என்ன பாஷை எனக்குத் தெரியும்? குறை சொன்னால் பாட்டு செத்தது. புகழ்ந்தால் நான் கள்ளன். டிரைவர் கை கழுவிக்கொண்டு வந்தார்.

மாதுதான் கேட்டார், கிண்டலாக. "அவ்வளவு தேனா இருந்தா சும்மாவா தூக்கிக்கிட்டுப் போனீங்க? இப்ப வெலை சொல்றோம், எடுத்துக்கறீங்களா?"

"சொல்லுங்க."

சகாயமேரி என்னையே பார்த்தாள். "அட்டையில போட்டிருக்கற வெலை. அஞ்சுப் பெட்டிக்கும்."

என் உடம்பில் ஓடுகிற அத்தனை தலைமுறையும் எழுந்து நின்றது. தந்தி, பம்பை, முதுகு, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடைசியாக 'மொத்தமா எடுத்தா ஏதாவது பார்த்துச் சொல்லும்மா' என்கிற ஒரே வாக்கியம் மட்டுமாவது வெளியே வரப் பார்த்தது. அந்தத் தொகை, என்னிடம் இருந்த பெரிய ஆம்ப்ளிபயரின் விலை. அதை விற்றால்தான் முடியும்.

"செரிம்மா" என்றேன்.

"பாதியாக்கலாமான்னு கேக்கலியா?" என்றார் மாது.

"இல்ல."

"தவணை?"

"வர்ற சந்தைக்குள்ள மொத்தமாத் தந்துடறேன். உங்ககிட்டயே."

மாது வாயைத் திறந்தபடி நின்றார். தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். பிறகு ஜன்னலைப் பார்த்து, மெல்லிய குரலில், "மேரி, இவங்க வூட்ல எவனும் சொன்ன வெலைக்கு வாங்கினது கெடையாது. எங்கப்பன் செத்தப்ப மாலை வாங்குனதுலகூட பேரம் பேசுனவங்க. இந்த ஆளுக்கு நெசமாவே என்னமோ ஆயிடுச்சு" என்றார்.

பஸ் உறுமியது. சகாயமேரி இன்னும் என்னை நம்பினாளா இல்லையா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக அதை மாதுவிடம் நீட்டினாள்.

"ஃபேக்டரியில சேர்ந்துட்டு ஞாயித்துக்கெழமை ஸ்டுடியோவுக்குப் போறேன். கிட்டார யார்கிட்டயாச்சும் குடுத்து அனுப்பு. நீ எப்ப வருவே?"

"ராகி அறுத்துட்டு வரேன்."

"பம்பை முந்துதாம், பாத்துக்க."

பஸ் நகர்ந்தது. நான் மாதுவின் கையிலிருந்த கவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நேராகத் தபால் பெட்டி இருந்த பக்கம் நடந்தார். பின்னாலேயே போனேன்.

"எங்க போறீங்க? அதப் போட்டுடாதீங்க."

மாது தபால் பெட்டியைத் தாண்டி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். டம்ளரில் விரலை நனைத்து, கவர் மூலையிலிருந்த ஸ்டாம்பைத் தடவித் தடவி, கிழியாமல் உரித்தெடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஸ்டாம்ப எதுக்கு உரிக்கறீங்க?" என்றேன்.

"வர்றோம்னு இன்னொரு லெட்டர் எழுதணும்ல" என்றார். "பேனா வெச்சிருக்கீங்களா?"